கறுப்புத் துணி கட்டிய வேனில் தண்ணீர்ப் பூங்காவுக்கு

மே மாதக் கடைசியில் பிள்ளைகளைக் கன்னியாகுமரிப் பக்கத்துத் தண்ணீர்ப் பூங்காவுக்குக் கூட்டிப்போகலாமா, பாறசாலையிலிருந்து எவ்வளவு நேரம், என்ன செலவு என்று போன வாரம் மட்டும் நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். நாங்கள் போய்வந்து சில வருடங்கள் ஆகின்றன. போகாத ஊருக்கெல்லாம் வழி எழுதுகிறவள், போன இடத்தைப் பற்றி இதுவரை ஒரு வரி எழுதவில்லை. சோம்பல் இல்லை, வெட்கம். இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீடு பாறசாலைக்குப் பக்கம், கேரள எல்லைக்குள் இருக்கும் கொல்லயிலில். கணவர் செல்வின் மஸ்கட்டில் வேலை. வருடத்துக்கு ஒருமுறை வருவார், ஒவ்வொரு முறையும் பிள்ளைகளிடம் பூங்கா என்று வாக்குக் கொடுப்பார். ஒரு வருடம் மழை, ஒரு வருடம் அம்மை. அந்த வருடம் பெரியவள் அபிக்குப் பதினொன்று, சின்னவள் நினுவுக்கு ஆறு. பள்ளி திறக்க இருந்த நாட்களில் மிச்சம் ஒரே ஒரு சனிக்கிழமை. திங்கட்கிழமை செல்வினுக்கு விமானம். அந்தச் சனியை விட்டால் அடுத்த வருடம்தான், அபி அதற்குள் பெரிய பெண்ணாகி "எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிடுவாள் என்ற பயம் எனக்கு.

நான் திட்டம் போடுகிற ஆள். எங்கள் வீட்டில் மழைகூட என்னைக் கேட்டுவிட்டுத்தான் பெய்யும் என்று செல்வின் கேலி செய்வார். காலை ஏழு மணிக்குக் கிளம்பி, 58 கிலோமீட்டரை இரண்டு மணி நேரத்தில் கடந்து, பூங்கா திறக்கும்போது வாசலில் நிற்க வேண்டும், பத்து மணிக்குள் சறுக்குகளை முடிக்க வேண்டும், பன்னிரண்டுக்குச் சாப்பாடு, அப்புறம் அலைக்குளம். எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். எல்லையில் சண்டை வரும் என்று மட்டும் அந்த நோட்டில் இல்லை.

அந்த வருடங்களில் அணைத் தண்ணீர்த் தகராறில் எல்லை அடிக்கடி கொதிக்கும். இந்தப் பக்கம் இஞ்சிவிளையில் பெஞ்சைப் போட்டு மறிப்பார்கள், அந்தப் பக்கம் களியக்காவிளையில் டயரைப் போட்டு மறிப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு கூப்பிடு தூரம்தான். வீட்டில் தமிழும் ரேஷன் கடையில் மலையாளமும் பேசிக்கொண்டு, கல்யாணத்துக்கு ஒரு பக்கமும் காதுகுத்துக்கு மறுபக்கமும் போய்வருகிற எங்களை இரண்டு கூட்டமும் ஒரே கேள்விதான் கேட்கும்: நீங்க எந்தப் பக்கம்? வெள்ளிக்கிழமை மத்தியானம் செய்தி வந்தது. பேருந்துகள் எல்லை தாண்டாது. மற்ற வண்டிகளில் ஆம்புலன்ஸ், பால், கல்யாணம், சாவு, இந்த நான்குக்கு மட்டும் வழி விடுகிறார்கள்.

வேன் சுகுவுடையது. பாறசாலை ஜங்ஷனில் நிற்பவன், கேரளா எண் வண்டி. "அக்கா, எனக்கு வண்டிக் கண்ணாடி போச்சுன்னா நிங்க தருவியளா? நாளைக்கு வேண்டாம்" என்றான். அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. கல்யாண வண்டி என்றால் பூ வேண்டும், பட்டு வேண்டும், ஒரு மாப்பிள்ளையாவது வேண்டும். சாவு வண்டிக்கு ஒரு கிழிந்த குடை போதும். குடைத் துணியை வெட்டி வேன் முன்னால் கட்டினேன். வெள்ளைத் தாளில் தமிழ், மலையாளம் இரண்டு எழுத்திலும் 'மரணம்' என்று எழுதிக் கண்ணாடியில் ஒட்டினேன். செத்தவர் நாகர்கோவில் மாமா. அப்படி ஒரு மாமா எங்களுக்குக் கிடையாது. இல்லாத ஆளைச் சாகடிப்பதில் பாவம் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சுகுவுக்கு மனசே இல்லை. "இல்லாத சாவ உண்டுன்னு செல்லப்பிடாதக்கா. அது கேட்டுட்டு வரும்."

"நீ வண்டியப் பாரு. சாவ நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். அவ்வளவு வாய் எனக்கு.

சனிக்கிழமை காலை 7.10க்குக் கிளம்பினோம். எல்லாருக்கும் வெள்ளை உடுப்பு. நீச்சல் உடைகள் சீட்டுக்கு அடியில் பைக்குள். கேட்டால் பேசாமல் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும் என்று பிள்ளைகளுக்கு இரண்டு முறை ஒத்திகை. அபி சரியாகச் செய்தாள். நினு மட்டும் ஒவ்வொரு முறையும் சிரித்துவிட்டாள்.

இஞ்சிவிளையை அடையும்போது மணி 7.40. சாலைக்குக் குறுக்கே மூன்று பெஞ்சு, நாற்பது ஐம்பது பேர், கோஷம். தலையில் துண்டு கட்டிய ஒருவர் கண்ணாடித் தாளைப் படித்தார். "எவிடேக்கா?" என்று கேட்டார். நாகர்கோவிலுக்கு, மாமா மரித்துப்போனார் என்று செல்வின் மலையாளத்தில் சொன்னார். உடனே அந்த மனிதர் தலைத் துண்டை அவிழ்த்தார். பின்னால் திரும்பிக் கையைக் காட்டினார், கோஷம் நின்றது. எனக்குச் சீ என்றிருந்தது. ஆனாலும் பெஞ்சை நகர்த்துகிறார்களே என்று சந்தோஷமும் இருந்தது, மறைப்பானேன்.

பெஞ்சை நகர்த்தியவர் சும்மா விடவில்லை. "ஒரு நிமிஷம் சேச்சி" என்று ஓடிப்போய் ஒரு பெண்ணைக் கூட்டிவந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். வெளுத்த ஊதாச் சேலை, கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். "இவரும் மரிப்பு வீட்டுக்காக்கும். பூவார்ல இருந்து வந்ததாக்கும். ஆட்டோக்காரன் இஞ்ச இறக்கிட்டுத் திரும்பிட்டான். ஆறரை மணி தொட்டு நிக்குது. நிங்களும் மரிப்புக்குத்தானே, கூடக் கொண்டு போங்க." என்னிடம் இல்லை என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை. கதவைத் திறந்தேன். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனக்க அம்மயாக்கும்" என்றார் அவர், நான் கேட்பதற்கு முன்பே. "நாலு மணிக்குப் போச்சுன்னு அண்ணன் போன் பண்ணினான். ஆறு வருஷம் கழிஞ்சு இன்னைக்குத்தான் எனக்க கூட பேசுதான். கருங்கல் பக்கத்துல வீடு. இன்னைக்கு சனியில்லியா, ஒம்பது தொட்டு பத்தரை வரை ராகுகாலம். அது கழிஞ்ச உடனே எடுத்துருவாவ. அண்ணன் யாருக்காவயும் காத்து நிக்குத ஆள் இல்ல."

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். 7.58. மார்த்தாண்டத்தில் இறக்கிவிட்டால் அங்கிருந்து பத்துக் கிலோமீட்டர், எப்படியாவது போய்க்கொள்வார் என்று என் மனம் உடனே கணக்குப் போட்டது. அந்த அவசரத்திலும் என் பூங்கா நேரத்தைத்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

"நிங்களுக்கு யாரு போனது?" என்று கேட்டார்.

"மாமா."

"வயசாளியா?"

"எழுபத்திரண்டு." அந்த வயது எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

"கெடந்தாரா?"

"இல்ல. ஒறக்கத்துல."

"புண்ணியவான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்க அம்ம ஏழு மாசம் கெடந்தா. ரிசார்ட்டுல விரிப்பு அலக்குத வேலை எனக்கு, லீவு கேட்டா ஆளை மாத்திருவாவ. ஒரு மட்டம்தான் போய்ப் பாக்க முடிஞ்சு." சொல்லிவிட்டு எனக்காகவும் சேர்த்து அழுதார். என் கையில் வெயிலுக்குப் பூசிய கிரீம் வாசனை. கையை எப்படி இழுத்துக்கொள்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். செல்வின் முன் சீட்டில் திரும்பவே இல்லை.

களியக்காவிளைக்கு முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. 8.30 வரை ஓர் அடி நகரவில்லை. ஒத்திகை முழுவதையும் மறந்துபோன நினு என் மடியில் சாய்ந்து கேட்டாள். "அம்மா, அந்தப் பெரிய அலை வருமே, அதுல என்னைய முதல்ல விடுவியா, அபியையா?"

அபி அவள் வாயைப் பொத்தினாள். அது இன்னும் மோசமாகிவிட்டது. அந்த அக்காவின் பிடி என் கையிலிருந்து மெதுவாகத் தளர்ந்தது. சீட்டுக்கு அடியில் பார்த்தார். பையின் வாய் திறந்து, மஞ்சள் வாத்து மூஞ்சி போட்ட ரப்பர் வளையம் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நான் மறைக்கப் பார்த்தது அடுத்தவர் வீட்டுச் சோற்றில்.

வரிசை நகர்ந்து எங்கள் முறை வந்தபோது 8.50. "கேரளா வண்டி, திருப்புலே!" என்று ஒருவன் பானெட்டில் அடித்தான். சுகு தாளைக் காட்டினான். கண்ணாடி போட்ட ஒருவர் முன்னால் வந்தார். மற்றவர்கள் அவருக்கு வழிவிட்டதில் அவர்தான் தலைவர் என்று தெரிந்தது. செல்வினிடம் கேட்டார், "யாரு? எந்த ஊரு?"

"மாமா. நாகர்கோவில்."

"நாகர்கோயில்ல எஞ்ச? நான் நாகர்கோயில்காரனாக்கும், சொல்லும்."

செல்வின் ஏதோ ஒரு தெருப் பெயரைச் சொல்லி, உடனே இன்னொன்றைச் சொன்னார். அந்த மனிதர் வந்து பக்கவாட்டுக் கதவை இழுத்துத் திறந்தார். நான்கைந்து தலைகள் உள்ளே பார்த்தன. ஒருவன் கையில் கல் இருந்தது. தலைவர் குனிந்து, நேராக நினுவைப் பார்த்துக் கேட்டார். "மக்கா, நீ செல்லு. யாரு செத்தா?"

நினு என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்ல? பக்கத்தில் இருந்தவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வண்டியும் போகும், மானமும் போகும். சொல்ல அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது.

அவர் எழுந்து கதவருகே வந்தார். "பச்சப் பிள்ளையட்ட என்ன கேள்வி? செத்தது எனக்க அம்ம. கருங்கல். பத்தரைக்கு எடுப்பாக்கும். இவிய எனக்க கூட வந்த ஆளுவ. விடுவியளா, இல்ல நான் இறங்கி நடக்கட்டா?"

அந்த முகத்தைப் பார்த்தவர்கள் அதற்கு மேல் கேட்கவில்லை. டயரை உருட்டி வழிவிட்டார்கள். வண்டி நகர்ந்ததும் நான் ஆரம்பித்தேன். "அக்கா, நாங்க..."

"மணி என்ன?" என்றார்.

"ஒம்பது ஏழு."

அவ்வளவுதான் பேச்சு.

படந்தாலுமூடு தாண்டியதும் எதிரே வந்த லாரிக்காரர் கையை விரித்தார். குழித்துறைப் பாலத்தை இரண்டு பக்கமும் அடைத்துவிட்டார்களாம், மத்தியானம் வரை திறக்காது என்றார். சுகு வண்டியை ஓரம் கட்டினான். "நடைக்காவு வழியா உள்ள ஏறி, கீழப் பாலத்துல ஆத்தைத் தாண்டி, புதுக்கடை போயி கருங்கல் பிடிக்கலாம். ரோடு மோசம். அங்கயும் கல்லு வெச்சிருப்பானுவ. திரும்பி வீட்டுக்குப் போணும்னா இப்பமே போயிரலாம் அக்கா."

"என்னை இஞ்ச இறக்குங்க" என்றார் அவர். "வல்ல பைக்குக்காரனும் வருவான்." சாலையில் ஒரு சைக்கிள்கூட இல்லை.

செல்வின் முதல் முறையாகத் திரும்பி என்னைப் பார்த்தார். வழக்கமாக இப்படிப் பார்த்தால் நான் நோட்டை எடுப்பேன். "உள்வழியே விடு சுகு" என்றேன்.

அந்த ஒரு மணி நேரத்தை நான் மறக்க மாட்டேன். ஒரு வண்டிதான் போகும் அகலம், இரண்டு பக்கமும் ரப்பரும் தென்னையும். 9.41க்கு ஒரு வளைவில் தென்னந்தடி ஒன்று குறுக்கே கிடந்தது. யாரையும் காணோம், ஆனால் யாரோ பார்த்துக்கொண்டிருப்பது போல ஒரு பயம். செல்வினும் சுகுவும் ஒரு முனையைப் பிடித்தார்கள், அசையவில்லை. நானும் அந்த அக்காவும் இறங்கினோம். அவர் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு என் தோளோடு தோள் வைத்துத் தள்ளினார். மூன்றாவது தள்ளில் உருண்டது. உள்ளங்கை தோலுரிந்து எனக்கு எரிந்தது. அவர் கையைப் பார்த்தேன், ரத்தம். அவர் அதைக் கவனிக்கவே இல்லை. புதுக்கடையில் 10.06. சுகு அதற்கு மேல் பிரேக்கில் கால் வைத்ததாக எனக்கு நினைவில்லை.

கருங்கல் தாண்டி அந்தச் சின்ன ரோட்டில் திரும்பும்போதுதான் அவர் தன் கவரைத் திறந்து பார்த்து, "கோடி வாங்கல்லியே" என்றார். மகள் கொண்டுவரும் புதுத்துணி உடம்பின்மேல் விழ வேண்டும், அது அவர்கள் முறை. எல்லைப் பக்கத்துக் கடைகள் எல்லாம் அடைப்பு. "வெறுங்கையோட வந்தான்னு அண்ணன் செல்லுவான். ஆறு வருஷமா ஊருக்காரட்ட எல்லாம் அதத்தான் செல்லுதான்." அழுகை இல்லை, வெறும் பயம்.

பூங்காவில் உடை மாற்றும் அறைக்கு முன்னால் நீண்ட வரிசை நிற்கும் என்று படித்திருந்தேன். பிள்ளைகளுக்கு மறைப்பாகப் பிடிக்க நெய்யாற்றின்கரையில் ஒரு புது வெள்ளை இரட்டை வேட்டி வாங்கி, மடிப்புக் கலையாமல் வைத்திருந்தேன். ரப்பர் வளையத்துக்கு அடியிலிருந்து அதை உருவினேன். கடைத் தாளைக் கிழித்துவிட்டு அவர் மடியில் வைத்தேன். அவர் அதைத் தொட்டுப் பார்த்தார். எங்கிருந்து எடுத்தேன் என்பதையும் பார்த்தார். பிறகு மார்போடு அணைத்துக்கொண்டார்.

10.24. பந்தலுக்கு வெளியே பாடை தயாராக இருந்தது. வாசலில் நின்ற அண்ணன் கறுப்புத் துணியைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், வண்டியிலிருந்து வெள்ளை உடுப்பில் இறங்கிய சுகுவோடு சேர்த்து எங்கள் ஐந்து பேரையும் பார்த்தார். "நீ ஒத்தைக்கு வருவன்னு நெனச்சேன்" என்றார். குரல் இறங்கியிருந்தது. "உள்ள வா."

நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள், வாய்க்கரிசி எங்களுக்கு இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நின்றோம். அவர் கோடியை விரித்துப் போட்டார். இரட்டை மடிப்பாகவே அது சரியாக அந்தச் சிறிய உடம்பை மூடியது. பிறகு தாயின் முகத்தோடு முகம் வைத்து அவர் கத்திய சத்தத்தில் அபி என் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள், நிஜ அழுகை. யாரோ நினுவின் கையில் செவ்வந்திப் பூ கொடுத்தார்கள். அவள் சிரிக்காமல் போய்க் கால்மாட்டில் வைத்துவிட்டு வந்தாள்.

பாடை போன பிறகு அவர் வண்டிக்கு அருகே வந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் விடவில்லை. "சாவு வீட்டுக்கு வந்தா குளிக்காம வீட்டுல ஏறப்பிடாது. எங்களுக்க முறையாக்கும். பிள்ளையள கொண்டு போய் நல்லா குளிக்க வையுங்க." பிறகு நினுவைப் பார்த்தார். "அந்தப் பெரிய அலையில. சின்னவள மொதல்ல விடுங்க."

திங்கள்நகர், நாகர்கோவில் வழியாகப் பூங்காவுக்குப் போய்ச் சேர மணி 1.05. போகப்போகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: அன்றைய நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்கு 350, பிள்ளைகளுக்கு 300. வேன் வாடகை 2,800 பேசியிருந்தோம், சுற்றுவழிக்காகக் கூடக் கொடுத்ததைச் சுகு வாங்கவில்லை. நைலான் நீச்சல் உடை இல்லாவிட்டால் அலைக்குளத்தில் இறங்க விடமாட்டார்கள், அங்கேயும் வாடகைக்குக் கிடைக்கும், ஆனால் ஈரமாகத்தான் தருவார்கள். வெளிச் சாப்பாடு அனுமதி இல்லை. மே கடைசிச் சனிக்கிழமையில் சறுக்கு ஒவ்வொன்றுக்கும் நாற்பது நிமிடம் வரிசை இருக்கும். எல்லை அடைத்திருந்ததால் எங்களுக்கு வரிசையே இல்லை. உடை மாற்றும் அறையும் காலி.

வழக்கமாக நான் தண்ணீரில் இறங்க மாட்டேன், பை காக்கிறவள். அன்றைக்கு வாடகை உடை போட்டு இறங்கினேன். நினுவை முதலில் விட்டேன். அலை வந்தபோது தலையை முழுசாக அமிழ்த்தினேன், எழுந்து நின்று அழுதேன். பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தண்ணீர் என்றுதான் தெரிந்திருக்கும். பிள்ளைகள் நான்கு மணி நேரம் குளித்தார்கள். இவ்வளவு நடந்தும் அவர்கள் சிரித்தது எனக்குப் பிடித்திருந்தது. அதைச் சொல்வதற்கு வெட்கப்படவில்லை.

எல்லையில் பிரச்சினை என்றால் என் புத்தியைக் கேட்டுக் கறுப்புத் துணி கட்டாதீர்கள். பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், பிள்ளைகள் அழுது தீர்க்கட்டும். நான் கட்டியது எங்களுக்கு வழி கிடைக்க. அந்த வழி நிஜமாகவே தேவைப்பட்ட ஒருத்தி ஆறரை மணியிலிருந்து வெயிலில் நின்றிருந்தாள். இல்லாத சாவுக்கு வண்டி இருந்தது, இருந்த சாவுக்கு இல்லை.

திரும்பும்போது துணியை அவிழ்க்கப் போனேன். "கெடக்கட்டும் அக்கா, இப்பம் அது பொய்யில்ல" என்றான் சுகு. குழித்துறைப் பாலம் திறந்திருந்தது. களியக்காவிளையில் மாலை 6.50க்கு அதே கண்ணாடிக்காரர் நிறுத்தினார். குனிந்து உள்ளே பார்த்தார், எங்கள் எல்லாருடைய ஈரத் தலையையும் பார்த்தார். குரல் தணிந்தது.

"எல்லாம் கழிஞ்சா மக்கா?" என்று நினுவிடம் கேட்டார்.

"கழிஞ்சு" என்றாள். "நான் காலுல பூ வெச்சேன்."

அவர் தலையை அசைத்துவிட்டு டயரைத் தானே உருட்டினார். செத்தவர் பெயர் என்ன என்று மட்டும் அவர் கேட்டிருந்தால், வண்டியில் இருந்த எங்கள் ஒருவருக்கும் தெரியாது.